பெயர் கேட்ட தெருக்கள்: 1946 ஆகஸ்டில் கல்கத்தா மக்கள்

1946 ஆகஸ்ட் 16, வெள்ளிக்கிழமை. ரமலான் மாதம். முஸ்லிம் லீக் ‘நேரடி நடவடிக்கை நாள்’ என்று குறித்திருந்த அந்த நாளை வங்காள மாகாண அரசு பொது விடுமுறை ஆக்கியிருந்தது. அன்று காலை தொடங்கிய வெட்டும் குத்தும் 19ஆம் தேதி வரை கல்கத்தாவில் ஓயவில்லை. இறந்தவர்கள் 4,000 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. 10,000 வரை சொல்பவர்களும் உண்டு. வீடிழந்தவர்கள் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். தமிழ்நாட்டில் பலருக்கு இந்தப் படுகொலை தெரியவந்ததே 2000ஆம் ஆண்டு வெளியான கமல்ஹாசனின் ‘ஹே ராம்’ படத்தின் வழியாகத்தான். வீட்டுக்குள் புகுந்த கும்பலிடம் மனைவியைப் பறிகொடுத்தவன் பழிவாங்கப் புறப்படும் கதை அது. திரைப்படத்துக்கு ஒரு நாயகன் தேவை. கல்கத்தாவில் அன்று ஏறத்தாழ 21 லட்சம் பேர் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் யாரையும் கொல்லவில்லை, பழிவாங்கக் கிளம்பவும் இல்லை. கதவைத் தாழிட்டுக்கொண்டு அரிசிப் பானையை எட்டிப் பார்த்தார்கள். வெளியே போன மகன் எந்தத் தெரு வழியாகத் திரும்புவான் என்று கணக்குப் போட்டார்கள். அந்த மக்களைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

கலவரத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி இரண்டு கேள்விகளையே சுற்றிவருகிறது: தொடங்கியது யார்? அதிகம் செத்தது யார்? இரண்டும் கேட்கப்பட வேண்டியவையே. ஆனால் சாட்சியங்களையும் நினைவுக்குறிப்புகளையும் படிக்கப் படிக்க வேறொன்று எனக்குத் துலங்குகிறது. எதிர்வீட்டில் குடியிருப்பது யார், தையல்காரர் எந்த ஊர்க்காரர், சந்துக் கோடியில் இருக்கும் குடிசையில் எத்தனை பேர் என்று அண்டை அயலார் ஒருவரைப் பற்றி ஒருவர் அறிந்து வைத்திருந்ததுதான் அந்த நான்கு நாட்களில் உயிரை எடுத்தது. உயிரைக் காத்ததும் அதுவேதான். யாருக்கும் தெரியாதவனாக, பிழைப்புக்காகத் தனியே வந்து தங்கியிருந்தவன்தான் மிக எளிதாகச் செத்தான்.

அரசியல் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிரிட்டிஷ் அமைச்சரவைத் தூதுக்குழு கொண்டுவந்த திட்டத்தை முதலில் ஏற்றுக்கொண்ட முஸ்லிம் லீக், ஜூலை 10 அன்று நேரு பம்பாயில் பத்திரிகையாளர்களிடம் பேசியதற்குப் பிறகு பின்வாங்கியது. ஜூலை 29 அன்று பம்பாயில் கூடிய லீக் கவுன்சில் நேரடி நடவடிக்கைத் தீர்மானத்தை நிறைவேற்றியது. அதே ஜூலை 29 அன்று கல்கத்தாவில் என்ன நடந்தது என்பது அதிகம் பேசப்படுவதில்லை. தபால் ஊழியர்களின் வேலைநிறுத்தத்துக்கு ஆதரவாக அன்று ஊரே வேலைநிறுத்தம் செய்தது. டிராம் ஓடவில்லை, ஆலைகள் இயங்கவில்லை. இந்துத் தொழிலாளியும் முஸ்லிம் தொழிலாளியும் ஒரே ஊர்வலத்தில் நடந்தார்கள். அதற்கு ஐந்து மாதங்கள் முன்பு, பிப்ரவரியில், இந்திய தேசிய ராணுவத்தின் கேப்டன் ரஷீத் அலிக்குத் தண்டனை விதிக்கப்பட்டதை எதிர்த்து மாணவர்கள் காங்கிரஸ் கொடியையும் லீக் கொடியையும் செங்கொடியையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு போலீஸின் துப்பாக்கிகளை எதிர்கொண்டார்கள். அப்படிப்பட்ட ஊர் பதினெட்டே நாட்களில் தன்னைத்தானே வெட்டிக்கொண்டது. இரண்டு சமூகங்களுக்கும் இடையே தொன்றுதொட்டு இருந்த பகைதான் வெடித்தது என்ற விளக்கத்தை இந்த ஒரு தகவலே நிற்கவிடாமல் செய்துவிடுகிறது.

அந்த ஊர் அப்போது எப்படிப்பட்ட நிலையில் இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். மூன்றாண்டுகள் முன்புதான் வங்காளப் பஞ்சம் ஏறத்தாழ முப்பது லட்சம் பேரைக் கொன்றிருந்தது. கிராமங்களிலிருந்து கஞ்சி கேட்டு வந்தவர்கள் கல்கத்தாவின் நடைபாதைகளிலேயே செத்தார்கள். போர்க்காலத்தில் ஜப்பானிய விமானங்கள் கிதிர்பூர் துறைமுகத்தில் குண்டு போட்டன. ராணுவ லாரிகளும் இருட்டடிப்பும் ரேஷன் வரிசையும் ஊரின் அன்றாடமாகிவிட்டன. ‘ஹங்ரி பெங்கால்’ என்ற நூலை எழுதிய வரலாற்றாசிரியர் ஜனம் முகர்ஜி, 1946இன் கொலைகளைப் பஞ்சத்திலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது என்கிறார். அவர் வாதத்தில் என்னை உலுக்கிய பகுதி பிணங்களைப் பற்றியது. 1943இல் தெருவில் கிடந்த உடல்களை இந்து சத்கார் சமிதி ஒருபக்கமும் அஞ்சுமன் முஃபிதுல் இஸ்லாம் மறுபக்கமும் எடுத்துப்போய் எரித்தும் புதைத்தும் இறுதிக் கடனைச் செய்தன. செய்தது புண்ணிய காரியம்தான். ஆனால் பசியால் செத்த அடையாளமற்ற ஓர் எலும்புக்கூட்டைக்கூட எந்த மதம் என்று பார்த்துப் பிரிக்கும் பழக்கம் ஊரின் கண்ணுக்கு அப்போதே வந்துவிட்டது. அரிசி எந்தப் பேட்டைக்கு எவ்வளவு வரும், எந்தக் கடையில் எந்தக் கட்சிக்காரருக்குச் செல்வாக்கு என்பதெல்லாம் உயிர்பிழைக்கும் விஷயங்களாகியிருந்தன. பேட்டையைக் காப்பது என்ற எண்ணம் கலவரத்தில் முளைத்தது அல்ல.

1941 கணக்கெடுப்பின்படி கல்கத்தா மக்களில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானவர்கள் முஸ்லிம்கள். வடக்கே சியாம்பஜாரும் பாக்பஜாரும், தெற்கே பவானிபூரும் பாலிகஞ்சும் இந்துக்கள் நிறைந்த பகுதிகள். ராஜாபஜார், கொலுடோலா, பார்க் சர்க்கஸ், தெற்கே துறைமுகத்தை ஒட்டிய கிதிர்பூர், மெட்டியாபுரூஸ் எல்லாம் முஸ்லிம்கள் நிறைந்தவை. ஆனால் இவற்றுக்கு இடையே மதில் எதுவும் இருக்கவில்லை. மாடிவீடுகளின் முதுகுப்புறத்தில் பஸ்திகள் என்னும் ஓடு வேய்ந்த குடிசைக் குடியிருப்புகள் இருந்தன. ஒரே பஸ்தியில் பீகார்க் கொத்தனாரும் ஒடியாக் குழாய் வேலைக்காரரும் உத்தரப் பிரதேசத்து முஸ்லிம் நெசவாளியும் அடுத்தடுத்த அறைகளில் தங்கியிருந்தார்கள். நகரத்தில் 1,000 ஆண்களுக்குப் பெண்கள் 500 பேர்கூட இல்லை. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்து, மாதாமாதம் மணியார்டர் அனுப்பிக்கொண்டு, ஓர் அறையில் எட்டுப் பத்துப் பேராக உறங்கிய ஆண்களின் ஊர் அது. அவர்கள் இழுத்த ரிக்ஷா, அவர்கள் கறந்த பால், அவர்கள் இறக்கிய சரக்கு இவற்றில்தான் கல்கத்தா ஓடியது.

விடுமுறை அறிவித்ததற்கு ஒரு காரணம் சொல்லப்பட்டது. அலுவலகங்களும் கடைகளும் திறந்திருந்தால் கடையடைப்பை வலியுறுத்துவோருக்கும் மறுப்போருக்கும் மோதல் வரும். எல்லாம் மூடியிருந்தால் வராது என்று தலைமைச் செயலர் கருதினார். மாகாணப் பிரதமர் ஹுசைன் ஷஹீத் சுஹ்ரவர்தி (அன்று மாகாண முதல்வர்களை அப்படித்தான் அழைத்தார்கள்) அதைக் கேட்டுப் பெற்றார். ஆளுநர் ஃபிரடெரிக் பர்ரோஸ் ஒப்புக்கொண்டார். காங்கிரஸார் எதிர்த்தார்கள், ஒரு கட்சியின் கடையடைப்புக்கு அரசு முத்திரை குத்துகிறது என்றார்கள். இந்த விடுமுறையின் விளைவை மக்கள் நிலையிலிருந்து பார்த்தால், வேலைநாளின் கலப்பு அன்று இல்லாமற் போனது. வழக்கமான வெள்ளிக்கிழமையில் டிராமில் தோளோடு தோள் நின்றிருக்கக்கூடிய குமாஸ்தாக்களும் கூலிகளும் மாணவர்களும் அவரவர் பேட்டைக்குள் தங்கிவிட்டார்கள். தெருவில் இருந்தவர்கள் கூட்டத்துக்குப் போகிறவர்களும் அவர்களைத் தடுக்க நின்றவர்களும்தான்.

காலையிலேயே மாணிக்தலாப் பக்கம் மோதல் வந்தது. கடையை மூடச் சொல்லி ஒரு பக்கம், மூட மறுத்து மறுபக்கம், பிறகு செங்கல். பிற்பகலில் மைதானத்தில் ஆக்டர்லோனி நினைவுத் தூணருகே லீக்கின் கூட்டம் நடந்தது. கூட்டத்தில் எத்தனை பேர் என்ற விஷயத்திலேயே அன்றைய அரசுப் பதிவுகள் பிளவுபட்டுக் கிடக்கின்றன: ஓர் உளவு அறிக்கை 30,000 என்கிறது, இன்னொரு போலீஸ் அறிக்கை 5,00,000 என்கிறது. சுஹ்ரவர்தி மேடையில் சொன்னது என்ன என்பதற்கும் முழுமையான பதிவு இல்லை. போலீஸும் ராணுவமும் குறுக்கே வராதபடி பார்த்துக்கொண்டதாக அவர் சொன்னார் என்பது எதிர்த்தரப்பின் குற்றச்சாட்டு. கூட்டம் கலைந்து திரும்பிய வழியில் கடைகள் உடைக்கப்பட்டன. அதன் பிறகு லால்பஜார் போலீஸ் தலைமையகக் கட்டுப்பாட்டு அறையில் அவர் நெடுநேரம் அமர்ந்திருந்தது பற்றி அதிகாரிகளே முகம் சுளித்து எழுதியிருக்கிறார்கள்.

அன்றிரவே ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. ஊரடங்கு என்றால் வீட்டுக்குள் இருப்பவர் பாதுகாப்பாக இருக்கிறார் என்று பொருள். அதை நடத்திக்காட்டப் போதிய போலீஸ் தெருவில் இருந்தால்தான் அந்தப் பொருள் நிற்கும். மறுநாள் 17ஆம் தேதிதான் கொலைகள் உச்சத்துக்குப் போயின. ராணுவம் நகரம் முழுவதும் இறங்கி ரோந்து சுற்றத் தொடங்கியது அன்று மாலைக்கும் பிறகுதான். அந்த ஒரு பகலை நான் பலமுறை நினைத்துப் பார்க்கிறேன். பிப்ரவரியில் மாணவர்கள் வெள்ளையர் ஆட்சியை எதிர்த்துத் திரண்டபோது துருப்புகள் வெகுவிரைவில் தெருவுக்கு வந்தன. ஆகஸ்டில் மக்கள் ஒருவரையொருவர் வெட்டியபோது வில்லியம் கோட்டையிலிருந்து சில மைல் தூரம் வருவதற்கு ஒரு நாளுக்கு மேலாயிற்று. இதற்குப் பர்ரோஸ் எழுதிய நீண்ட விளக்கம் எனக்கு ஏற்புடையதாக இல்லை. லீக் அமைச்சரவைமீது உள்ள பழியும் ஆளுநர்மீது உள்ள பழியும் ஒன்றையொன்று குறைப்பவை அல்ல.

தெருவில் அகப்பட்ட ஒருவரிடம் முதலில் கேட்கப்பட்டது பெயர். பெயரைச் சொல்லும் முன்பே உடை சொல்லிவிடும் என்பதால் உடை உயிர்ப்பிரச்சினை ஆனது. வேட்டிக் கட்டு, லுங்கி, தொப்பி, தாடி, பெண்களின் நெற்றிக் குங்குமமும் சங்கு வளையலும், எல்லாமே தூரத்திலிருந்து படிக்கக்கூடிய எழுத்துகளாயின. பேட்டைக்குப் பேட்டை உடை மாற்றிக் கடந்தவர்கள் உண்டு. கால்சட்டைக்காரர்கள் சற்றே தப்பினார்கள். ஐயம் தீராதபோது ஆண்களின் ஆடையை அவிழ்த்துப் பார்த்தார்கள். வங்காள எழுத்தாளர் சமரேஷ் பாசு அதே 1946இல் எழுதிய ‘ஆதாப்’ என்ற சிறுகதை இந்த நிலையைத்தான் பிடித்துவைத்திருக்கிறது. கலவர இரவில் ஒரு குப்பைத்தொட்டியின் இருபுறமும் பதுங்கியிருக்கும் இருவர், ஒருவர் ஆலைத் தொழிலாளி, மற்றவர் படகோட்டி. எதிரில் இருப்பவன் எந்த மதம் என்பது தெரியாதவரை இருவரும் நடுங்குகிறார்கள். கதையின் களம் டாக்கா. ஆனால் அது கல்கத்தாவின் எந்தச் சந்திலும் நடந்திருக்கலாம்.

வடக்குக் கல்கத்தாவின் நெருக்கமான வீடுகளில் மொட்டைமாடிதான் அரண். செங்கல்லையும் சோடா பாட்டிலையும் மேலே குவித்துவைத்தார்கள். அடுப்பில் வெந்நீர் கொதித்துக்கொண்டே இருந்தது. கும்பல் வருவது தெரிந்தால் இந்து வீடுகளில் பெண்கள் சங்கு ஊதினார்கள். பூஜை அறையில் ஒலித்த சங்கு அபாயச் சங்காக மாறியது. எதிர்ப்பேட்டையில் ‘அல்லாஹு அக்பர்’ முழக்கமும் அதே வேலையைச் செய்தது. ஒருவர் அச்சத்தில் எழுப்பிய ஓசை அடுத்த பேட்டைக்குத் தாக்குதல் முழக்கமாகக் கேட்டது. அங்கிருந்து பதில் ஓசை எழுந்தது. இரவெல்லாம் இப்படியே போனது. பேட்டைக்குப் பேட்டை இளைஞர்கள் காவல்குழு அமைத்தார்கள். பகலில் காவல் நின்றவர்களில் சிலரே இரவில் அடுத்த பஸ்தியைக் கொளுத்தப் போனார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. இரு தரப்பிலும் தற்காப்புக்கும் தாக்குதலுக்கும் இருந்த கோடு மிக மெல்லியது.

காப்பாற்றியவர்களைப் பற்றிய பதிவுகளில் எனக்கு மிக நம்பகமாகப் படுவது ஷேக் முஜிபுர் ரஹ்மானுடையது. பிற்காலத்தில் வங்கதேசத்தை நிறுவிய அவர் அப்போது இஸ்லாமியா கல்லூரி மாணவர், லீக்கின் தீவிரத் தொண்டர். லீக் அலுவலகத்துக்கு வந்த தொலைபேசி அழைப்புகளில் பல, இந்துக்களிடமிருந்து வந்தவை என்று தன் நினைவுக்குறிப்பில் எழுதுகிறார். எங்கள் வீட்டில் முஸ்லிம்களை ஒளித்துவைத்திருக்கிறோம், சீக்கிரம் வந்து அழைத்துப்போங்கள், தாமதித்தால் அவர்களும் சாவார்கள், நாங்களும் சாவோம் என்பதே அவர்கள் சொன்னது. தங்களுக்கு எதிராகக் கூட்டம் போட்ட கட்சியின் அலுவலகத்துக்கு அந்த வீட்டுக்காரர்கள் தொலைபேசியில் பேசியிருக்கிறார்கள். தொலைபேசி வைத்திருந்தவர்கள் வசதியானவர்கள். வசதியில்லாதவர்கள் அடுப்பங்கரையிலும் கட்டிலுக்கடியிலும் ஒளித்துவைத்த கதைகள் பதிவாகாமலே போயிருக்கும். பார்க் சர்க்கஸில் இருந்த லேடி பிராபோர்ன் மகளிர் கல்லூரி அடைக்கலம் புகுந்தோரால் நிரம்பியதையும், அரிசி மூட்டைகளைத் தள்ளுவண்டியில் ஏற்றி மாணவர் விடுதிக்குத் தள்ளிச்சென்றதையும் அவர் எழுதியிருக்கிறார்.

ஒரு குடும்பத்தை ஒளித்துவைக்க வேண்டுமென்றால் அந்தக் குடும்பத்தை முன்பே தெரிந்திருக்க வேண்டும். எத்தனை பேர், யாருக்கு உடம்பு சரியில்லை, எந்தப் பின்கதவு வழியாக வரலாம் என்று தெரிந்திருக்க வேண்டும். கும்பலுக்கு வீட்டைக் காட்டிக்கொடுத்தவனுக்கும் இதே விவரங்கள்தான் தெரிந்திருந்தன. கலவரம் செய்தவர்கள் எங்கிருந்தோ வந்த ரவுடிகள் என்று பிறகு இரு சமூகத்து நடுத்தர வர்க்கமும் சொல்லி ஆறுதல் தேடிக்கொண்டது. வெளியிலிருந்து ஆள் வந்ததும் உண்மை, குண்டர்கள் முன்னால் நின்றதும் உண்மை. ஆனாலும் எந்தக் கடை யாருடையது என்று வெளியூர்க்காரனுக்கு எப்படித் தெரியும்? வரிசையாக இருந்த கடைகளில் ஒன்றுவிட்டு ஒன்று எரிந்திருந்தால் அதைச் சுட்டிய விரல் அந்தத் தெருவினுடையது.

வங்காளத்து வகுப்புக் கலவரங்களை 1905 முதல் 1947 வரை ஆராய்ந்த சுரஞ்சன் தாஸ் இங்கேதான் ஒரு மாற்றத்தைக் காண்கிறார். 1926 ஏப்ரலில் ஹாரிசன் சாலைப் பள்ளிவாசல் ஒன்றின் முன்பாக ஆரிய சமாஜ ஊர்வலம் மேளத்தோடு போனதில் தொடங்கிய கலவரத்தில் பெரிதும் ஈடுபட்டவர்கள் வடநாட்டிலிருந்து வந்த உழைப்பாளிகள். படித்த வங்காளிகள் பெரும்பாலும் ஒதுங்கி நின்றார்கள். 1946இல் மாணவரும் கடைக்காரரும் வேலையிலிருக்கும் நடுத்தர வர்க்கத்தாரும் கலந்துகொண்டார்கள். கட்சிகளின் அமைப்புகள் பின்னால் இருந்தன. அதே வேளையில் வலுவான தொழிற்சங்கப் பிடிப்பு இருந்த டிராம் தொழிலாளர்கள் பெருமளவில் இதில் இறங்கவில்லை. ஜூலை 29இன் ஒற்றுமை முற்றாக ஆவியாகிவிடவில்லை. சங்கம் என்ற பிணைப்பு மனிதர்களை அன்றாடம் ஒன்றாக வைத்திருந்த இடத்தில் அது தாக்குப்பிடித்தது.

அப்படிப்பட்ட பிணைப்பு எதுவும் இல்லாதவர்களுக்கு நேர்ந்ததைத்தான் மெட்டியாபுரூஸில் பார்க்கிறோம். 17ஆம் தேதி அங்கே லிச்சுபாகான் பஸ்தியில் கேசோராம் பஞ்சாலைத் தொழிலாளர்கள் கூட்டங்கூட்டமாகக் கொல்லப்பட்டார்கள். செத்தவர்களில் பெரும்பாலோர் ஒரிசாவிலிருந்து வந்தவர்கள். எண்ணிக்கை சில நூறுகள். ஊர் பெயர் தெரியாமல், இறந்த செய்தியைக் குடும்பத்துக்குச் சொல்ல ஆளில்லாமல் போனவர்கள் எத்தனையோ பேர். மறுபக்கத்தில் இந்துக்கள் நிறைந்த பகுதிகளின் பஸ்திகளில் தனியே தங்கியிருந்த முஸ்லிம் கூலிகளுக்கும் வண்டிக்காரர்களுக்கும் இதே முடிவுதான் நேர்ந்தது. மாடிவீட்டுக்காரர்களின் நினைவுக்குறிப்புகள் நமக்குக் கிடைக்கின்றன. தெருவில் படுத்துறங்கிய ரிக்ஷாக்காரரின் நினைவுக்குறிப்பு கிடைப்பதில்லை.

ஆகஸ்ட் மழைக்காலம். புழுக்கத்திலும் ஈரத்திலும் உடல்கள் இரண்டு நாட்களில் அழுகத் தொடங்கின. பிணம் தூக்கும் டோம் சமூகத்தாரும் துப்புரவுத் தொழிலாளர்களும் வேலைக்கு வர முடியவில்லை. குப்பை மலையாய்க் குவிந்தது. சாக்கடை ஆள்நுழைவுக் குழிகளிலும் கால்வாய்களிலும் ஹூக்ளி ஆற்றிலும் உடல்கள் கிடந்தன. சாவுக் கணக்கு இன்றுவரை ஒரு முடிவுக்கு வராததற்கு இதுவும் காரணம். கடைசியில் ராணுவத்தினர் முகத்தில் துணி கட்டிக்கொண்டு லாரிகளில் அள்ளினார்கள். ‘லைஃப்’ இதழுக்காக வந்த மார்கரெட் போர்க்-வைட் எடுத்த படங்களில் கழுகுகள் கூரைவிளிம்பில் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. உலகம் கண்ட கல்கத்தா அதுதான்.

வீடுகளுக்குள் இருந்த அவதி வேறு மாதிரியானது. ரேஷன் கடைகள் மூடிக்கிடந்தன, பல சூறையாடப்பட்டன. பால்காரர் வரவில்லை. காய்கறி வண்டிகள் ஊருக்குள் நுழையவில்லை. அரிசியும் பருப்பும் சேர்த்து வேகவைத்த கிச்சடியே மூன்று வேளையும். அதுவும் இருப்பு இருந்த வீடுகளில். மருந்து, பிரசவம், காய்ச்சல் எதுவும் கலவரத்துக்காகக் காத்திருக்கவில்லை. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் கேம்பெல் மருத்துவமனையும் வெட்டுப்பட்டவர்களால் நிரம்பி வழிந்தன. ஹவுராவிலும் சியால்டாவிலும் வந்திறங்கிய ரயில் பயணிகள் ஊருக்குள் போக வழியின்றி நிலையத்திலேயே தங்கினார்கள். ஊரைவிட்டுத் தப்பியோட வந்தவர்களும் அதே நடைமேடையில் காத்திருந்தார்கள்.

செய்தித்தாள்கள் இந்த அவதியைப் பெருக்கின. ‘ஆசாத்’, ‘மார்னிங் நியூஸ்’ ஒருபுறமும் ‘அமிர்த பஜார் பத்திரிகா’, ‘ஆனந்த பஜார்’ மறுபுறமும் தத்தம் சமூகத்தின் பிணங்களையே எண்ணின. ஒருவர் படித்த ஊர் வேறு, அடுத்தவர் படித்த ஊர் வேறு. பிரிட்டிஷார் நடத்திய ‘ஸ்டேட்ஸ்மன்’ கொடூரமான படங்களை வெளியிட்டு லீக் அமைச்சரவையைக் கடுமையாகச் சாடியது. ஃபெடரல் நீதிமன்றத் தலைமை நீதிபதி சர் பேட்ரிக் ஸ்பென்ஸ் தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டுப் பல தொகுதிகள் அளவுக்குச் சாட்சியம் திரட்டப்பட்டது. நாடு பிரிந்தது, ஆணையம் அறிக்கை தராமலே முடிந்துபோனது. பத்தாயிரக்கணக்கான குடும்பங்களின் இழப்பைப் பற்றி ஓர் அரசு சொன்ன கடைசிச் சொல் மௌனம். இதை ஒரு நிர்வாகத் தாமதமாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. அது இரண்டாவது அநியாயம்.

ஆகஸ்ட் 20க்குப் பிறகு கடைகள் திறந்தன, டிராம் ஓடியது. கலவரம் முடிந்துவிட்டதாக வரலாற்று நூல்கள் அடுத்த அத்தியாயமான கிழக்கு வங்காளத்து நவகாளிக் கலவரத்துக்குப் போய்விடுகின்றன. கல்கத்தா மக்களுக்கு அது ஓராண்டு நீடித்தது. தனி ஆளைப் பார்த்துக் கத்தியால் குத்திவிட்டு ஓடுவது, அமிலம் வீசுவது, பிறகு சில நாட்கள் ஊரடங்கு, மீண்டும் அமைதி என்று மாதங்கள் கடந்தன. எந்த டிராம் எந்தப் பேட்டை வழியாகப் போகிறது என்று பார்த்து ஏறினார்கள். பேட்டைகளை ‘பாகிஸ்தான்’, ‘ஹிந்துஸ்தான்’ என்றே அழைக்கத் தொடங்கியிருந்தார்கள், நாடு பிரிவதற்கு ஓராண்டு முன்பே.

தொழில்கள் பட்ட பாடு அதிகம் ஆராயப்படவில்லை என்பது என் குறை. கல்லூரித் தெருவின் புத்தக உலகத்தை எடுத்துக்கொள்வோம். பதிப்பாளர்களும் அச்சகக்காரர்களும் பெரும்பாலும் இந்துக்கள். புத்தகம் கட்டும் ‘தஃப்தரி’கள் பெரும்பாலும் கிழக்கு வங்காளத்து முஸ்லிம்கள். அச்சான தாள் கட்டாகாமல் புத்தகமாகாது. தையல்காரர்கள், கசாப்புக்காரர்கள், ஆற்றுப் படகோட்டிகள், கப்பல் கலாசிகள், ராஜமிஸ்திரிகள் பெரும்பாலும் முஸ்லிம்கள். பால்காரர்கள், காவல்காரர்கள், மொத்த வியாபாரிகள், வட்டிக்கடைக்காரர்கள் பெரும்பாலும் இந்துக்கள். ஒருவர் வீட்டுத் துணி மற்றவர் கடையில் பாதி தைத்துக் கிடந்தது. ஒருவர் கூலி மற்றவர் கணக்கில் நின்றது. அதனால்தான் ஆபத்து தெரிந்தும் மனிதர்கள் எல்லை தாண்டினார்கள். பொருளியலறிஞர் அமர்த்திய சென் தம் சிறுவயதில் டாக்காவில் கண்ட ஒரு சாவைப் பல இடங்களில் எழுதியிருக்கிறார்: கலவரக் காலத்தில் இந்துப் பகுதிக்கு வேலை தேடி வந்து குத்துப்பட்ட ஒரு முஸ்லிம் கூலித் தொழிலாளி அவர் வீட்டு வாசலில் வந்து விழுந்தார். போகாதே என்று மனைவி தடுத்தும், வீட்டில் குழந்தைகளுக்குச் சாப்பாடு இல்லாததால் வந்ததாகச் சொன்னார். வீட்டில் ஒரு வாரத்து அரிசி இருந்தவர் கதவை அடைத்துக்கொள்ள முடிந்தது. அன்றன்று சம்பாதித்தவரால் முடியவில்லை. கலவரம் மதத்தைக் கேட்டுக் கொன்றது உண்மை. ஆனால் அந்தக் கேள்வி கேட்கப்படும் இடத்துக்கு மனிதனைக் கொண்டுபோய் நிறுத்தியது வறுமை.

1947 ஆகஸ்டில் காந்தி கல்கத்தா வந்தபோது அவர் தங்கத் தேர்ந்த இடம் இந்தப் பின்னணியில்தான் முழுப்பொருள் பெறுகிறது. பெலியாகாட்டாவில் இருந்த ஹைதரி மன்சில் ஒரு முஸ்லிம் குடும்பத்தின் பாழடைந்த வீடு. பக்கத்து மியாபாகான் பஸ்தியின் முஸ்லிம்கள் விரட்டப்பட்டிருந்தார்கள். இந்துக்கள் கைப்பற்றிக்கொண்ட அந்தப் பேட்டைக்குள் சுஹ்ரவர்தியையும் தம்மோடு தங்க வைத்துக்கொண்டார் காந்தி. போன ஆண்டின் கொலைகளுக்குப் பொறுப்பாளி என்று இந்துக்கள் கருதிய மனிதர் அவர். ஆகஸ்ட் 15 அன்று இரு சமூகத்தாரும் லாரிகளில் ஏறி ஒன்றாக ஊர்வலம் போனார்கள். 31ஆம் தேதி இரவு அதே வீடு கல்லெறிபட்டது. மறுநாள் கொலைகள் தொடங்கின. அன்று அமைதி ஊர்வலத்தில் நடந்த காங்கிரஸ்காரர் சசீந்திரநாத் மித்ரா குத்தப்பட்டு, பிறகு உயிர்விட்டார். செப்டம்பர் 1 அன்று காந்தி உண்ணாநோன்பைத் தொடங்கினார். 73 மணி நேரத்துக்குப் பிறகு 4ஆம் தேதி இரவு, ஊரின் தலைவர்கள் எழுத்தில் உறுதி தந்ததும் முடித்துக்கொண்டார். வடக்குக் கல்கத்தாவின் போலீஸார் பணியில் இருந்தபடியே அவரோடு சேர்ந்து பட்டினி கிடந்தார்கள். மேற்கு வங்கத்தின் முதல் ஆளுநராகச் சில நாட்கள் முன்புதான் பதவியேற்றிருந்த ராஜாஜி, சுதந்திரம் உட்பட காந்தி சாதித்த எதையும்விட இதுவே அற்புதமானது என்றார். நோன்பு தொடங்கியபோது அது எதற்கு என்று அவரோடு வாதிட்டவரும் ராஜாஜிதான்.

அந்த அமைதி பொய்யல்ல. பஞ்சாப் எரிந்தபோது வங்காளம் அதே அளவில் எரியவில்லை. ஆனால் 1946இல் வீட்டை விட்டுப் போனவர்கள் பலர் திரும்பவில்லை. கலப்பாக இருந்த தெருக்களில் சிறுபான்மையாக இருந்தவர்கள், எந்த மதத்தவரானாலும், தம்மவர் நிறைந்த பகுதியைத் தேடிப் போனார்கள். பார்க் சர்க்கஸிலிருந்து இந்துக் குடும்பங்கள் வெளியேறின. வடக்கிலும் மத்தியிலும் சிதறியிருந்த முஸ்லிம்கள் சில பேட்டைகளுக்குள் நெருக்கிக்கொண்டார்கள். கிழக்கிலிருந்து வந்த அகதிகள் காலியான பஸ்திகளில் குடியேறினார்கள். டாக்கா வீட்டுக்குக் கல்கத்தா வீடு மாற்று என்று பத்திரிகைகளில் விளம்பரங்கள் வந்தன. 1951 கணக்கெடுப்பில் கல்கத்தாவின் முஸ்லிம்கள் 12 சதவீதம். பத்தாண்டுகளில் அவர்கள் பங்கு பாதியாகக் குறைந்திருந்தது. மானுடவியலாளர் நிர்மல் குமார் போஸ் 1960களில் வார்டு வார்டாக எடுத்த சமூகக் கணக்கெடுப்பு, எந்தச் சமூகம் எந்தப் பேட்டையில் செறிந்திருக்கிறது என்பதை வரைபடமாகவே காட்டுகிறது. நவகாளியில் காந்தியோடு ஊர் ஊராக நடந்தவர் அவர். 1964 ஜனவரியில் கல்கத்தாவில் மீண்டும் கலவரம் மூண்டபோது, கலப்புப் பகுதிகளில் எஞ்சியிருந்த முஸ்லிம் குடும்பங்கள் பல மூட்டை கட்டிக்கொண்டு போனது 1946 வகுத்துவைத்த அதே பேட்டைகளுக்குத்தான்.